சோறு கொடுக்கிறோம், வீடு கொடுக்கிறோமா?

எமது தந்தையார் சிவபதமடைந்து பல ஆண்டுகளாயின. அவருடைய திவசத்தன்று வீட்டிலே ஆற்றவேண்டிய கடன்களை ஆற்றிய பின்னர், மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றுக்கு மதிய போசனம் கொடுத்து வருவது எமது குடும்ப வழக்கம். இவ்வழக்கம் எமக்கு மாத்திரம் உரியதன்று. பிறந்தநாளாயினும் நினைவுநாளாயினும் இல்லத்துக்கு ஒருவேளைச் சோறு கொடுப்பதைப் பெரும் புண்ணியமாகக் கருதுபவர்கள் நம்மிடையே பலர் உளர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திவசத்தன்று, சோறு பரிமாறப்பட்டுக் கொண்டிருந்த வேளையிலே, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தமது சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு எம்மருகே வந்தார்.

"இண்டைக்கு ஆற்றை திவசம், ஐயா?" என்று கேட்டார்.

"எங்கடை அப்பாவின்ரை" என்றோம்.

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். நேற்று லண்டனிலுள்ள ஒரு பிள்ளையின் பிறந்தநாள். முந்தைநாள் கனடாவிலுள்ள ஒரு தம்பதியரின் திருமண நாள். "நாளைக்கு ஒருத்தரும் இல்லை" என்று முடித்தார். எம்முடன் வந்திருந்த இளைய மகன், "உங்கடை பிறந்தநாள் எப்ப, மாமா?" என்று வினவினான். அவர் சிரித்தார்.

"அது ஒபீசிலை எழுதியிருக்கும், தம்பி."

அவர் இதனைக் குறையாகக் கூறவில்லை. அவ்வில்லத்திலே நாமும் குறை காணவில்லை. இடம் துப்புரவாயிருந்தது; பணிபுரிவோர் அன்பானவர்கள்; உணவும் நல்லுணவே. ஆயினும் அவ்விடை எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஊராரின் பிறந்தநாட்களையெல்லாம் அறிந்த ஒருவருக்குத் தமது பிறந்தநாள் ஓர் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை மணிக்கு எழுவது, எதனை உண்பது, யாருக்குப் பக்கத்திலே உறங்குவது என்பனவும் அவ்வாறே வேறெங்கோ எழுதப்பட்டிருக்கின்றன. இத்தகையோர் நம்மைப்போல ஒரு தெருவிலே, ஒரு வீட்டிலே வாழ இயலாதா? இவ்வினாவுக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, இதே வினாவோடு அறுபது ஆண்டுகளாகப் போராடி, வென்றும் தோற்றும் வந்துள்ள ஒரு நாட்டின் வரலாறு எமக்குக் கிடைத்தது. அந்நாடு ஐக்கிய அமெரிக்கா.

பூட்டிய கதவுக்கு அப்பால்

நியூயோர்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்னும் அரசாங்க நிலையம் ஒன்று இருந்தது. பெயரளவில் அது அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பாடசாலை. நாலாயிரம் பேருக்கென அமைக்கப்பட்ட அவ்விடத்தில் 1965ஆம் ஆண்டளவில் ஆறாயிரம் பேர் அடைபட்டிருந்தனர். அவ்வாண்டு செனற் சபை உறுப்பினர் றொபேட் கெனடி முன்னறிவித்தலின்றி அங்கு சென்று பார்த்தார். அது பாம்புகள் நெளியும் குழியை ஒத்தது என்று வெளிப்படையாகவே கூறினார். நாடு ஒருகணம் திடுக்கிட்டது, பின்னர் மறந்துவிட்டது.

1972 ஜனவரியில் ஜெரால்டோ றிவேரா என்னும் இளம் செய்தியாளர், அங்கிருந்து வேலை நீக்கப்பட்ட வைத்தியர் ஒருவரிடம் எஞ்சியிருந்த திறப்பின் உதவியோடு, தொலைக்காட்சிக் கமராவுடன் உள்ளே நுழைந்தார். ஆடையின்றித் தரையிற் சுருண்டு கிடந்த பிள்ளைகளை அமெரிக்கர் தம் வீட்டு மண்டபத்திலிருந்தே கண்டனர்.

அந்நிகழ்ச்சியிலே பேசியவர்களுள் ஒருவர் பேர்னாட் கரபெல்லோ. மூளை வாதத்தினால் அவருடைய பேச்சும் நடையும் தடைப்பட்டிருந்தன, அறிவிலே குறைவில்லை. ஆயினும் மூன்று வயதிலே அறிவு குன்றியவர் என்று பிழையாகக் கணிக்கப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகளை அங்கே கழித்தார். ஒருவர் பேசுவதை நின்று கேட்க ஆளில்லாத இடத்திலே, அவர் அறிவுள்ளவரா இல்லாதவரா என்பதை அறிவதற்கும் வழியில்லை. வெளியேறிய பின்னர் அவர் தம்மைப் போன்றோரின் உரிமைக்காகப் பேசும் தொண்டராக விளங்கினார்.

பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர். 1975இல் இணக்கத் தீர்ப்பொன்று எழுதப்பட்டது. உள்ளிருந்தோரை ஊர்களிலே அமைந்த சிறு வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை அரசு ஏற்றது. பணி எளிதாயிருக்கவில்லை. வீடுகள் தேடவேண்டியிருந்தது; உதவியாளரைப் பயிற்றவேண்டியிருந்தது. "எங்கள் தெருவிலே வேண்டாம்" என்ற அயலவரையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. வில்லோபுரூக்கின் கதவு இறுதியாக மூடப்பட்டது 1987ஆம் ஆண்டிலேதான். அந்நிலத்திலே இன்று ஒரு கல்லூரி நடைபெறுகிறது.

கதவைத் திறந்தாற் போதுமா?

வில்லோபுரூக்கிலிருந்து மக்கள் வெளியேறிய அதே காலத்திலே, அந்நாட்டில் வேறொரு வெளியேற்றமும் நடந்தது. அதனை மறைத்துக் கதை சொல்வது நேர்மையாகாது.

1955இல் அமெரிக்க மாநிலங்களின் மனநோய் வைத்தியசாலைகளில் ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1963 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜோன் கெனடி, இவர்கள் ஊரிலேயே வாழ்ந்து சிகிச்சை பெறுவதற்கான நிலையங்களை அமைக்கும் சட்டத்திலே கையொப்பமிட்டார். அவருக்கு இது சொந்தத் துயரமும் ஆகும். அவருடைய சகோதரி றோஸ்மேரிக்கு 1941இல் மூளையிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை பெருங்கேடாய் முடிந்தது. அப்பெண்மணி தமது வாழ்நாளின் பெரும்பகுதியைக் குடும்பத்தை விட்டு நெடுந்தொலைவிலுள்ள ஒரு நிலையத்திலே கழித்தார். சட்டத்திலே கையொப்பமிட்ட மூன்று வாரங்களில் ஜனாதிபதி சுட்டுக்கொல்லப்பட்டார்.

வைத்தியசாலைகள் விரைவாக வெறுமையாயின. 1980ஆம் ஆண்டளவில் அங்கிருந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் ஊர்களிலே அமைப்பதாகக் கூறிய நிலையங்களிற் பல எழவேயில்லை. வெளியே வந்தவர்களிற் பலருக்கு வீடில்லை, மருந்தில்லை, துணையில்லை. அவர்களுட் கணிசமானோர் நகரத் தெருக்களிலும் சிறைகளிலும் ஒதுங்க நேர்ந்தது.

இவ்விரு வெளியேற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது உண்மையொன்று புலனாகிறது. வில்லோபுரூக்கின் பெற்றோரும் நீதிமன்றமும், கதவைத் திறக்குமுன் போகுமிடம் எது என்று கேட்டனர். மற்றைய வெளியேற்றத்திலே கதவு முதலில் திறந்தது, வீடு வருமென்று நம்பினார்கள், வரவில்லை. நிலையத்தை மூடுதல் ஒரு கையொப்பத்தால் முடியும். வாழ்விடம் அமைத்தலோ ஆண்டுக்கணக்கான உழைப்பு. பின்னையதைச் செய்யாமல் முன்னையதைச் செய்தால் அது கைவிடுதலேயாகும்.

இரு பெண்கள் தொடுத்த வழக்கு

ஜோர்ஜியா மாநிலத்தின் அற்லாண்டா நகரிலே லோயிஸ் கேர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்னும் இரு பெண்கள் இருந்தனர். இருவருக்கும் மனநோயும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருந்தன. இளம் பிராயம் முதலே நிலையங்களுக்குள் போவதும் வருவதுமாக லோயிஸின் வாழ்வு கழிந்தது. இவர்கள் ஊரிலே உரிய துணையுடன் வாழலாம் என்று அவர்களைப் பராமரித்த வைத்தியர்களே கூறிய பின்னரும், இடமும் பணமும் இல்லையென்று மாநில நிர்வாகம் அவர்களை வைத்தியசாலையிலேயே வைத்திருந்தது.

லோயிஸ் இலவச சட்ட உதவி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, தம்மை வெளியே கொண்டுவருமாறு மீண்டும் மீண்டும் கேட்டார். சூ ஜேமிசன் என்னும் சட்டத்தரணி அக்குரலைப் பொருட்படுத்தினார். 1995இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1999 ஜூன் 22ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்வாதியான மாநில அதிகாரியின் பெயரால் அது ஒல்ம்ஸ்ரெட் தீர்ப்பு என வழங்கப்படுகிறது.

நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இது: தேவையின்றி ஒருவரை நிலையத்திலே அடைத்து வைப்பது பாரபட்சமாகும். அவ்வாறு அடைக்கப்பட்டவர் சமூகத்தோடு வாழத் தகாதவர் என்ற தவறான எண்ணத்தை அது வளர்க்கிறது. உறவு, நட்பு, தொழில், கல்வி ஆகிய அனைத்தையும் அது அவரிடமிருந்து குறைத்துவிடுகிறது. எனினும் நீதிமன்றம் நிதானம் தவறவில்லை. வைத்தியர் தகுதியென்று கூறவேண்டும். உரியவர் மறுப்பின்றி இருக்கவேண்டும். அரசின் வளமும் ஏனையோரின் தேவையும் கருத்திற் கொள்ளப்படவேண்டும். விரும்பாத ஒருவரை வெளியே தள்ளுவதற்கு அத்தீர்ப்பு எவருக்கும் அதிகாரம் வழங்கவில்லை.

எலெய்ன் வில்சன் ஊரிலே சில ஆண்டுகள் வாழ்ந்து 2004இல் மறைந்தார். லோயிஸ் கேர்ட்டிஸ் ஓவியரானார். மனித முகங்களை வண்ணத்திலே தீட்டி விற்றார். 2011இல் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டு, ஜனாதிபதி ஒபாமாவுக்குத் தாம் தீட்டிய படமொன்றைப் பரிசளித்தார். 2022 நவம்பரில் தமது 55ஆவது வயதிலே காலமானார். அடைபட்டிருந்த காலத்திலும் அந்தக் கை அதே கைதான் என்பதை எண்ணும்போது, இன்னும் எத்தனை கைகள் வேலையின்றிக் கிடக்கின்றனவோ என்ற கவலை எழுகிறது.

பணம் எவ்வழிப் போகிறது?

மனமிருந்தும் பலர் வெளியேற முடியாதிருப்பதற்குக் காரணம் பல வேளைகளிற் பணம் போகும் வழியே. இதனை உலகுக்கு உணர்த்தியவள் மூன்று வயதுக் குழந்தை ஒருத்தி. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேற்றி பெக்கெற், சிசுப் பருவத்தில் மூளைக் காய்ச்சலுக்கு ஆளாகி, மூச்சுவிட இயந்திரத்தை நாடவேண்டியவளானாள். வைத்தியசாலையில் இருக்குமட்டும் அரசாங்க மருத்துவ உதவித் திட்டம் அவளுடைய செலவைக் கொடுத்தது. வீட்டுக்கு வந்தாலோ உதவி நின்றுவிடும். வீட்டுப் பராமரிப்புக்கு ஆகும் செலவு வைத்தியசாலைச் செலவைவிடப் பன்மடங்கு குறைவு. ஆயினும் விதி அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1981இல் ஜனாதிபதி றேகன் இம்முரண்பாட்டைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார். அவளுக்கு விதிவிலக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டே நிலையத்துக்கு வெளியே வாழ்வோருக்கும் அப்பணத்தைச் செலவிட இடந்தரும் சட்டம் நிறைவேறியது. கேற்றி வளர்ந்து, தம்மைப் போன்றோருக்காகக் குரல்கொடுத்து, 34 வயது வரை வாழ்ந்தார்.

பின்னர் 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ், 'பணம் ஆளைத் தொடரட்டும்' என்ற பொருள்படும் பெயருடன் ஒரு திட்டம் உருவாயிற்று. நிலையத்துக்கென ஒதுக்கிய பணம், அங்கிருந்து புறப்படுபவரைத் தொடர்ந்து அவருடைய புதிய வீட்டுக்குச் செல்வதே அதன் கருத்து. வீட்டு முற்பணம், கட்டில், சமையற் பாத்திரம் போன்றவற்றுக்கும் உதவி உண்டு. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தினால் இடம்பெயர்ந்துள்ளனர். எனினும், வீட்டிலே உதவி வேண்டிப் பெயர் பதிந்து காத்திருந்தோர் 2023இலும் ஏறத்தாழ ஏழு இலட்சம். ஆகவே அமெரிக்கா இதனை முற்றாகத் தீர்த்துவிட்டதென எவரும் எண்ணவேண்டாம்.

குடிபெயர்வு எவ்வாறு நடைபெறுகிறது?

நல்ல முறையிலே நடைபெறும் குடிபெயர்வு, பெட்டி கட்டுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே தொடங்குகிறது. முதல் வேலை கேட்பது. எந்த ஊர், யாருடன், எத்தகைய வேலை, இரவிலே விளக்கு வேண்டுமா என்பன போன்றவற்றைக் கேட்கிறார்கள். பேச இயலாதவராயின் படங்களாலும் அவருடைய முகக் குறிப்பாலும் அறிய முயல்கிறார்கள். பல ஆண்டுகளாக எவரும் கேளாத வினாவுக்கு உடனே விடை வாராது. எனவே பொறுமை வேண்டும்.

அடுத்தது பழகுதல். புதிய வீட்டை ஒருமுறை சென்று பார்ப்பார். பின்னர் ஒருவேளை உண்பார். பின்னர் ஓரிரவு தங்குவார். முன்னமே அறிந்த உதவியாளர் ஒருவர் கூடவே இருப்பது நன்று. அதன்பின் சிறு சிறு கலைகள் பயிற்றப்படும்: தேநீர் ஊற்றுதல், பஸ் ஏறுதல், கடையிலே மிச்சக்காசு எண்ணுதல், மருந்தை நேரத்துக்கு எடுத்தல். எல்லாவற்றையும் கற்ற பின்னர்தான் வெளியேறலாம் என்ற பழைய விதி இன்று கைவிடப்பட்டு வருகிறது. வீட்டிலே இருந்துகொண்டே வீட்டு வாழ்வைக் கற்கலாம். நாமும் அவ்வாறுதானே கற்றோம்?

சிறிய வீடாயின் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணலாகாது. நால்வர் வாழும் வீட்டிலும், உறங்கும் நேரத்தையும் உணவையும் பிறரே தீர்மானித்தால் அதுவும் ஒரு குட்டி நிலையமே. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் குழு 2017இல் இக்கருத்தைத் தெளிவாக எடுத்துரைத்தது. முன்கதவின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாற் போதும்; அது வீடா நிலையமா என்பது விளங்கிவிடும்.

பெற்றோரின் அச்சத்தையும் இகழ்ந்துவிடக் கூடாது. "இங்கே பாதுகாப்பாயிருக்கிறான், வெளியே யார் பார்ப்பார்?" என்று கேட்கும் தாய், அன்பினாலேயே கேட்கிறாள். அமெரிக்காவிலும் நிலையங்களை மூடவேண்டாமென்று வாதிட்ட பெற்றோர் உளர். வெறும் வாக்குறுதி அத்தாய்க்கு விடையாகாது. நோயுற்றால் வரும் ஆள், உதவியாளர் வாராத நாளில் வரும் மாற்று ஆள், துன்புறுத்தப்பட்டால் முறையிட ஓர் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே கண்ணாற் காட்டவேண்டும்.

நமது நாடும் நமது வீடும்

அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பெயர் இரண்டு முறை மாறியும் பலருடைய இருப்பிடம் மாறவில்லை. யாருடன், எங்கே வாழ்வதென்று ஏனையோரைப் போலத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை இவர்களுக்கும் உண்டென்று ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அச்சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதிசெய்தது.

நம் நாட்டிலே இத்தகையோரிற் பெரும்பாலோரைத் தாங்குவது குடும்பமே. அதனாலே நாம் பெருமைப்படலாம், ஆனால் உறங்கிவிடலாகாது. "எமக்குப் பிறகு யார்?" என்று கேளாத பெற்றோர் இல்லை. அவர்கள் உயிரோடிருக்கும்போதே இவ்வினாவுக்கு விடை தேடாவிட்டால், இறுதியில் எஞ்சுவது ஏதேனும் ஓர் இல்லத்துக் கட்டில்தான். பாடசாலையும் வாசிகசாலையும் கோவிலும் இன்றே இவர்களுக்கு வழிவிட்டால், நாளை அயலிலே இவர்களை அறிந்தவர் பலர் இருப்பர். அறிமுகமே முதற் பாதுகாப்பு.

இவ்வளவும் எழுதிய எமது வீடு எப்படி? சென்ற திவசத்துக்கு, இல்லத்துப் பொறுப்பாளரின் சம்மதத்துடன், அந்த அன்பரை எம் வீட்டுக்கு அழைத்தோம். என்ன சமைக்கலாமென்று முன்னரே கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. அம்மா வைக்கிறவ" என்றார். அழைத்த பின்னர்தான் எம் வாசலிலே மூன்று படிகள் இருப்பது நினைவுக்கு வந்தது. இருபது ஆண்டுகளாக அப்படிகளில் ஏறி இறங்குகிறோம். அவை ஒருவரைத் தடுக்கும் என்று எண்ணியதேயில்லை. தச்சாசாரியாரிடம் பலகை இரவல் வாங்கிச் சரிவு அமைத்தோம்.

அவர் மண்டபத்திலே அதிகநேரம் இருக்கவில்லை. குசினி வாசலிலே நாற்காலியை நிறுத்திக்கொண்டு, எண்ணெயிலே கத்தரிக்காய் பொரிவதைப் பார்த்தவாறிருந்தார். "பொரியிற சத்தம் கேட்டுக் கனகாலம்" என்று எம் மனைவியிடம் கூறினாராம். உண்டு முடித்ததும் எம் மகனை அழைத்தார்.

"தம்பி, ஒபீசிலை கேட்டனான். ஆவணி மாசம், ஒன்பதாந் திகதி."

மகன் சுவர்க் கலண்டரிலே அந்நாளைச் சுற்றி வட்டமிட்டான்.

மாலை ஆறு மணிக்கு இல்லத்துக் கதவு அடைபடும். அதற்கு முன்னர் அவரைக் கொண்டுபோய் விட்டோம். ஒருநாள் விருந்தாளியாய் வந்தவர் ஒரு தெருவிலே குடியிருப்பவராக ஆவதற்கு இன்னும் எவ்வளவோ வேண்டும். சட்டமும் பணமும் பயிற்சி பெற்ற துணையும் வேண்டும். அவற்றை அரசிடம் கேட்கவேண்டியது நம் கடன். வாசற்படியைச் சீர்செய்வதற்கு மாத்திரம் எவரிடமும் கேட்கவேண்டியதில்லை. இரவல் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவ்விடத்திலே சீமெந்துச் சரிவொன்று கட்டுவித்தோம். ஆவணி ஒன்பதுக்கு அது வேண்டும்.